கழற்றப்பட்ட கருவியும் கணக்கில் வராத புகையும்

வானகரத்தில் என் வீட்டு வாசலில் நிற்கும் கார் 1999-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திருவள்ளூரை அடுத்த ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1998 முதல் தயாரித்த மிட்சுபிஷி லான்சர். அகராதிப்படி அதை 'ஸ்போர்ட்ஸ் கார்' என்று அழைக்க முடியாது. ஆனால், ஃபின்லாந்தின் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை லான்சரில் உலக ராலிப் பட்டம் வென்ற காலம் அது. அந்தப் பெயருக்காகவே அதை வாங்கியவர்கள் பலர். 2008-இல் பழைய காராக அதை வாங்கியபோது நானும் அவர்களில் ஒருவன்.

நான்கைந்து ஆண்டுகளில் வண்டியின் வேகம் மட்டுப்பட்டது. மேம்பாலம் ஏறும்போது இஞ்சின் திணறியது. சர்வீஸ் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் விட்டேன். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "கேட்கான் அடைச்சிருக்கு சார். எடுத்துட்டு நேர் பைப் வச்சிடலாம், வண்டி பறக்கும். பழசை நானே எடுத்துக்கறேன், கூலி வேண்டாம்" என்றார். நான் இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஒரு பகலில் வேலை முடிந்தது. வண்டி உண்மையாகவே பறந்தது. அடுத்த வாரம் புகைப் பரிசோதனைக்குச் சென்றேன். 'தேர்ச்சி' என்று அச்சிட்ட சான்றிதழ் கைக்கு வந்தது.

அந்தச் சான்றிதழ்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். மாசைக் குறைப்பதற்கென்றே பொருத்தப்பட்ட கருவியை முழுவதுமாகப் பிடுங்கி எறிந்த பிறகும், 'இந்த வாகனம் மாசுக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது' என்று அரசு அங்கீகரித்த நிலையம் எப்படிச் சான்றளித்தது? அங்கே யாரும் முறைகேடு செய்யவில்லை. கருவி சரியாகவே அளந்தது. ஊழியர் சரியாகவே பதிவு செய்தார். பிழை வேறிடத்தில் இருந்தது.

கருவி செய்யும் வேலை

பட்டறை மொழியில் 'கேட்கான்' என்று சுருங்கிவிட்ட கேட்டலிடிக் கன்வர்ட்டரைப் பாடநூல்கள் 'வினையூக்கி மாற்றி' என்கின்றன. தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி அது. அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். இஞ்சினிலிருந்து வரும் சூடான புகை இதன் வழியே செல்லும்போது கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாகிறது. எரியாமல் மிஞ்சிய எரிபொருள் நீராவியும் கரியமில வாயுவும் ஆகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் சாதாரண நைட்ரஜனாகப் பிரிகின்றன. நன்றாகச் சூடேறிய நிலையில் இந்த மூன்றிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அது மாற்றிவிடும். அதற்குக் கண்ணும் கிடையாது, ஓசையும் கிடையாது. அதனால்தான் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை.

இந்தியாவில் பெட்ரோல் வாகனங்களுக்கான முதல் புகை வரம்புகள் 1991-இல் வந்தன, டீசலுக்கு 1992-இல். 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இந்தக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. அதே நாளில் ஈயம் கலவாத பெட்ரோலும் அங்கே விற்பனைக்கு வந்தது. ஈயம் இந்தப் பூச்சின் மேல் படிந்துவிட்டால் கருவி செத்துவிடும் என்பதால் இரண்டும் ஒன்றாகவே வர வேண்டியிருந்தது. நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது 2000 பிப்ரவரியில்தான். ஆக, நம் குழந்தைகளின் இரத்தத்திலிருந்து ஈயம் வெளியேறியதற்கு இந்தப் பீங்கான் கட்டியும் ஒரு மறைமுகக் காரணம். கருவியைக் காப்பாற்றுவதற்காக ஈயத்தை விலக்கினோம்; நம்மைக் காப்பாற்றிக்கொண்டோம்.

பழங்கார் ஆர்வலர்களின் வழக்கு

புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றும் வழக்கம் நம் ஊரில் பிறந்ததன்று. அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு கார் நிறுவனங்கள் அவசர அவசரமாகப் பல கருவிகளை இஞ்சினின் மேல் ஏற்றின. புகைக்குழாய்க்குள் காற்றைச் செலுத்தும் பம்பு, புகையின் ஒரு பகுதியை மீண்டும் இஞ்சினுக்கே அனுப்பும் வால்வு, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டி எனப் பட்டியல் நீண்டது. அன்றைய தொழில்நுட்பம் முதிராதது. பிரிட்டனின் எம்ஜிபி என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் 95 குதிரைத்திறனுடன் பிறந்தது. 1970-களின் நடுவில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான அதே கார் 65 குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. வாங்கியவர்கள் எரிச்சலடைந்து பம்பையும் வால்வையும் கழற்றியதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

சென்னைக்கும் அந்தக் கார்களுக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. வண்டலூர்ப் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் 1960-களில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டின் உள்ளூர் வடிவம். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் டிரையம்ப் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கியது. அமெரிக்காவில் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர் கழற்றலாமா கூடாதா என்று தவிக்கும் கருவிகள், நம் ஹெரால்டில் எப்போதுமே இருந்ததில்லை. 1991-க்கு முந்தைய நம் கார்களில் கழற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. எனவே, இங்கே இந்தப் பிரச்சினை உண்மையான பழங்கார்களைப் பற்றியதன்று. கருவியோடு பிறந்து, கருவியை இழந்து, அன்றாடம் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் 1995-க்குப் பிந்தைய வாகனங்களைப் பற்றியது.

பழங்காருக்கும் பழைய காருக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நம் சட்டம் ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வாகனங்கள் 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனி வரிசையில் பதிவு பெறலாம். ஆனால் அவற்றைக் கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், ஆய்வு, பராமரிப்பு போன்ற காரணங்களுக்காக மட்டுமே சாலையில் எடுக்க முடியும். அன்றாடப் பயணத்துக்குக் கூடாது. சலுகையும் கட்டுப்பாடும் ஒன்றாகவே வருகின்றன. ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் ஒரு ஹெரால்டு, காற்றுக்குச் செய்யும் தீங்கு சொற்பம். அதைப் பாதுகாப்பது ஒரு நகரத்தின் தொழில் வரலாற்றைப் பாதுகாப்பது.

கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. 35 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கும் விலக்கு அளிக்கலாம் என்று 2025-இல் அங்கே ஒரு சட்டமுன்வரைவு வந்தது. பழங்கார்ச் சேகரிப்பாளரும் நகைச்சுவைக் கலைஞருமான ஜே லெனோ அதை ஆதரித்துப் பேசினார். சட்டமன்றக் குழுவிலேயே அது நின்றுபோனது. கார்களை நேசிக்கும் மாநிலம்கூட, எங்கே கோடு கிழிப்பது என்பதில் இன்னும் தடுமாறுகிறது. அதற்காகக் கோடே வேண்டாம் என்று அங்கே யாரும் முடிவுசெய்துவிடவில்லை.

சோதனை எதைப் பார்க்கிறது?

இப்போது என் சான்றிதழுக்குத் திரும்புகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115-ஆம் விதி, இஞ்சின் சும்மா ஓடும் நிலையில் பெட்ரோல் காரின் புகையில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு இருக்கலாம் என்று வரையறுக்கிறது. பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 0.3 விழுக்காடு. பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு 0.5 விழுக்காடு. அதற்கும் முந்தைய கார்களுக்கு 3 விழுக்காடு.

சென்னையில் பாரத் ஸ்டேஜ் 2 நடைமுறைக்கு வந்தது 2001-இல். ஆனால் கேட்கான் கட்டாயமானது 1995-இல். இந்த இடைவெளியில் விற்பனையான என் காரைப் போன்றவற்றில் கருவி இருக்க வேண்டும் என்று ஒரு விதி சொல்கிறது. கருவியே இல்லாத காரும் எளிதில் எட்டிவிடும் 3 விழுக்காட்டை இன்னொரு விதி ஏற்றுக்கொள்கிறது. முதல் விதி விற்பனை நாளோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது விதிதான் வாழ்நாள் முழுவதும் கூடவே வருகிறது. என் கார் தேர்ச்சி பெற்றது அப்படித்தான்.

புதிய கார்களுக்கு வரம்பு கடுமையானதுதான். ஆனால் சோதனையில் வேறொரு பெரிய ஓட்டை இருக்கிறது. புகைப் பரிசோதனை நிலையங்களில் பெட்ரோல் வாகனத்துக்குக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. டீசல் வாகனத்துக்குப் புகையின் அடர்த்தி அளக்கப்படுகிறது. இரண்டிலுமே நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதில்லை. புகையை மறுசுழற்சி செய்யும் வால்வும், டீசல் லாரிகளில் யூரியாத் திரவத்தைத் தெளிக்கும் அமைப்பும் இருப்பதே அந்த நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கத்தான். அவற்றை அடைத்துவிட்டாலோ செயலிழக்கச் செய்துவிட்டாலோ நம் பரிசோதனைக்கு எதுவும் தெரியாது.

வானகரத்தில் வசிப்பவர்களுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையும் சென்னைப் புறவழிச்சாலையும் சந்திக்கும் மதுரவாயல் சந்திப்பு எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. துறைமுகத்துக்கும் ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கும் இடையே இரவு பகலாக ஓடும் சரக்கு லாரிகள் வானகரம் சுங்கச்சாவடியில் வரிசைகட்டி நிற்கின்றன. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் கனரக லாரிகள் பாரத் ஸ்டேஜ் 6 தரத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு டீசலோடு யூரியாத் திரவமும் ஊற்ற வேண்டும். அந்தச் செலவை மிச்சப்படுத்த, திரவம் தெளிக்கப்படுவதாக லாரியின் கணினியை நம்பவைக்கும் சிறு கருவிகள் ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் பிடிபட்டிருக்கின்றன. கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று எண்ணி எண்ணி ஓட வேண்டிய நம் லாரித் தொழிலில் அந்தத் தூண்டுதல் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

சிறு சிறு பட்டறைகளில் நடக்கும் இத்தகைய மாற்றங்கள் சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. பத்தாண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வாகனங்களில் புகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டிருந்தது. அவற்றின் வாழ்நாளில் கூடுதலாக வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடு 5.7 லட்சம் டன்னுக்கு மேல். கூடுதலாக 90 லட்சம் வாகனங்கள் சாலையில் ஓடுவதற்குச் சமம். 'நான் ஒருவன் கழற்றுவதால் என்ன ஆகிவிடும்' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

இரண்டு அளவுகோல்கள்

2015-இல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் உலகெங்கும் 1.1 கோடி டீசல் கார்களில், பரிசோதனையின்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை வைத்திருந்தது அம்பலமானது. இந்தியாவில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன்மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் பின்னர் சொன்னது. அந்த நாள்களில் நானும் அந்த நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தேன். என் காரின் அடியில் நேர்பைப் இருந்தது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. நிறுவனம் செய்தால் மோசடி. நாம் பட்டறையில் செய்தால் 'டியூனிங்'. நுரையீரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

சட்டம் மௌனமாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றிச் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் சாலையில் நிறுத்தும் காவலர் அலறும் சைலன்சரையும் கறுப்புக் கண்ணாடியையும்தான் பார்க்க முடியும். வண்டிக்கு அடியில் இல்லாமற்போன ஒரு பொருளை அவர் எப்படிப் பார்ப்பார்?

கழற்றிய மெக்கானிக்கைக் குற்றவாளியாக்கிவிட்டு நகர்ந்துவிடவும் மனம் ஒப்பவில்லை. அடைபட்ட கேட்கான் இஞ்சினின் மூச்சை அடைக்கும் என்பது உண்மை. எண்ணெய் குடிக்கும் இஞ்சின், ஒழுங்காகத் தீப்பொறி விடாத பிளக் போன்ற காரணங்களால்தான் அது அடைபடுகிறது. அந்தக் காரணத்தைச் சரிசெய்து புதிய கருவி பொருத்துவதே முறையான மருத்துவம். அதற்கு ஆகும் பணத்தைப் பழைய கார் வைத்திருப்பவர் தரமாட்டார் என்று மெக்கானிக்குத் தெரியும். இன்னொன்றும் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாதிருந்தது: கழற்றிய கருவிக்குள் இருக்கும் உலோகத்தின் விலை. 2021-இல் ரோடியம் ஓர் அவுன்ஸ் 29,000 டாலரைத் தொட்டது. 'கூலி வேண்டாம்' என்ற தாராளத்தின் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. ஆனால் அந்தத் தகரக் கூரையின் கீழே, ஓடும் இஞ்சின்களுக்குப் பின்னால் நாள் முழுவதும் நிற்பவர்கள் அவரும் அவரிடம் தொழில் பழகும் பையன்களும்தான். கேட்கான் இல்லாத ஒவ்வொரு காரின் முதல் மூச்சும் அவர்களுக்கே போகிறது.

செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய திட்டங்கள் தேவையில்லை. முதலாவதாக, புகைப் பரிசோதனையில் கண்ணால் பார்க்கும் சோதனையைச் சேர்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் அளவீட்டுடன், உரிய கருவிகள் இருக்கின்றனவா என்பதையும் பார்த்த பிறகே சான்றிதழ் தருகிறார்கள். ஒரு குழியும் ஒரு விளக்கும் இருந்தால் போதும். பாரத் ஸ்டேஜ் 6 வாகனங்களில் கணினியின் பிழைக் குறிப்புகளையே படித்துவிடலாம்.

இரண்டாவதாக, 1995-க்கும் 2001-க்கும் இடைப்பட்ட பெருநகரக் கார்களுக்கான 3 விழுக்காட்டு வரம்பைத் திருத்த வேண்டும். கருவியோடு பிறந்த காரைக் கருவி உள்ள கார் என்றே அளக்க வேண்டும். மூன்றாவதாக, நைட்ரஜன் ஆக்சைடை அளக்கத் தொடங்க வேண்டும்; முதலில் கனரக லாரிகளுக்காவது. நான்காவதாக, தரச்சான்று பெற்ற மாற்றுக் கருவிகள் நியாயமான விலையில் கிடைக்க வழி செய்ய வேண்டும். கழற்றிய பழைய கருவியை ஒப்படைத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்ளும் முறை வந்தால், உலோகத்தின் மதிப்பு பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் காற்றைத் தூய்மையாக்கப் பயன்படும்.

வேகத்தை நேசிப்பவர்களுக்கு ஒரு சொல். வானகரத்திலிருந்து இதே பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாக்கிய தடம் அது. பந்தயக் காரில் எதை வேண்டுமானாலும் விதிக்கு உட்பட்டுக் கழற்றுங்கள். லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டுங்கள். சாலை என்பது பந்தயத் தடமன்று. அங்கே நம் பின்னால் வருபவர் போட்டியாளர் அல்லர். இருசக்கர வாகனத்தில் குழந்தையை முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குப் போகிறவர்.

2024-இல் என் காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. விற்றுவிடலாமா என்று யோசித்தேன், மனம் வரவில்லை. முதலில் இஞ்சினின் எண்ணெய்க் கசிவைச் சரிசெய்து, பிறகு வேறொரு பட்டறையில் புதிய கேட்கான் பொருத்தினேன். செலவு கொஞ்சம் உறைக்கத்தான் செய்தது. வண்டியின் வேகத்தில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. அப்படியானால் அன்று திணறியது கருவியின் குற்றமன்று, பராமரிக்காத என் குற்றம்.

மீண்டும் புகைப் பரிசோதனைக்குப் போனேன். பழைய சான்றிதழில் கார்பன் மோனாக்சைடு ஒரு விழுக்காட்டைத் தாண்டியிருந்தது; புதியதில் அந்த எண் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒடுங்கிவிட்டது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முடிவுக்கான கட்டத்தில் இரண்டிலும் ஒரே சொல்தான் அச்சாகியிருந்தது: தேர்ச்சி.